பொன்னுருகக் காய்ந்து மண்ணுருகப் பெய்வது ஏன்? புரட்டாசி மழைக்கு ஓர் எளிய விளக்கம்

புரட்டாசி மாதத்தில் சென்னை அம்பத்தூரில் எங்கள் வீட்டில் அடிக்கடி நடப்பது இது. மதியம் இரண்டு மணிக்கு மொட்டை மாடியில் கால் வைக்க முடியாது. காயப்போட்ட துணி அரை மணி நேரத்தில் மொடமொடவென்று ஆகிவிடும். ராத்திரி எட்டு மணிக்கு அதே மாடியில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். இலை அடைத்துக்கொண்ட குழாய் வாயைக் கையால் துழாவிக்கொண்டிருப்பேன். கடலோரம் பெசன்ட் நகரில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டால், "இங்கே ஒரு சொட்டு இல்லைண்ணா, ஃபேன் போட்டும் புழுங்குது" என்பாள்.

மறுநாள் காலை டீக்கடையில் மூன்று விதமான பேச்சு கேட்கும். "வடகிழக்குப் பருவமழை இந்த வருஷம் சீக்கிரமே ஆரம்பிச்சிடுச்சு." "கடல்ல ஏதோ புயல் சின்னமாம், அதான்." "ஓரிரு இடங்களில்னு சொன்னாங்க, எங்க தெருவுல ஆறா ஓடுச்சு. இவங்க சொல்றது எங்க நடக்குது!"

மூன்றுமே பெரும்பாலும் தவறு. அந்த மழைக்குத் தொலைக்காட்சியில் ஒரு பெயர் சொல்கிறார்கள்: வெப்பச்சலன மழை. தினமும் காதில் விழுகிற சொல். ஆனால் கேட்கிறவர்கள் பலரும் அதற்கு "வெயில் ஜாஸ்தி" என்று மட்டும் பொருள் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று புரிந்துவிட்டால், ஆவணி முதல் ஐப்பசி வரை வானம் காட்டும் அத்தனை மாற்றத்துக்கும் ஒரு காரணம் பிடிபடும்.

நம் பெரியவர்கள் இதை ஒரே வரியில் சொல்லிவைத்தார்கள்: புரட்டாசி பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும். ரொம்ப நாள் இதை நான், இந்த மாதத்தை நம்ப முடியாது என்கிற பொருளில்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். வானிலையைக் கொஞ்சம் படிக்கத் தொடங்கிய பிறகுதான் பழமொழியின் இரண்டு பாதியும் ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டவை என்று புரிந்தது. பகலில் காய்வதால்தான் இரவில் பெய்கிறது.

## நமக்கு இலையுதிர் காலம் கிடையாது, கார்காலம் உண்டு

பள்ளிக்கூடத்தில் நான்கு பருவம் சொல்லிக்கொடுத்தார்கள்: வசந்தம், கோடை, இலையுதிர், குளிர். அந்தக் கணக்கு குளிர் நாடுகளுக்குச் சரி. தமிழ்க் கணக்கில் ஆண்டுக்கு ஆறு பருவம். ஆனி, ஆடி முதுவேனில். ஆவணி, புரட்டாசி கார். ஐப்பசி, கார்த்திகை கூதிர். முற்றிய கோடை முடிந்ததும் நமக்கு வருவது கார்காலம், கருமேகத்தின் காலம்.

சங்க இலக்கியத்தில் முல்லைத் திணைக்குக் காரைப் பெரும்பொழுதாகவும் மாலையைச் சிறுபொழுதாகவும் வைத்திருக்கிறார்கள். தலைவனுக்காகக் காத்திருக்கும் தலைவியின் மனதை ஒட்டி வைத்தது அது, வானிலைப் பாடமாக வைக்கவில்லை. ஆனாலும் ஆவணி, புரட்டாசியையும் மாலை நேரத்தையும் சேர்த்துக் கட்டியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். இந்த இரண்டு மாதமும் தமிழ்நாட்டின் பல ஊர்களில் மேகம் திரள்கிற நேரம் மாலைதான்.

இந்தக் காலத்தில் இரண்டு விஷயங்கள் மாறுகின்றன. முதலாவது, சூரியன். சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருவது வருடத்தில் இரண்டு முறை. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு முறை, அப்புறம் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி ஒரு முறை. அன்று நண்பகலில் செங்குத்தாக நிறுத்திய கம்புக்கு நிழல் விழாது. இதைத்தான் நிழலில்லா நாள் என்கிறார்கள். வடக்கே வெகுதூரம் போய்த் திரும்புகிற சூரியன் சென்னையைக் கடந்து, செப்டம்பர் தொடக்கத்தில் கன்னியாகுமரியைக் கடந்து, செப்டம்பர் 22, 23 வாக்கில் பூமத்திய ரேகையைத் தாண்டித் தெற்கே போய்விடுகிறது. ஆக, ஆவணி வெயில் சுள்ளென்று அடிப்பதற்கு நேரடிக் காரணம் உண்டு.

இரண்டாவது, காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசுவது தென்மேற்குப் பருவக்காற்று. அது தன் மழையில் பெரும்பகுதியைக் கேரளத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி நம் பக்கம் மேலைக்காற்றாக இறங்குகிறது. அதன் உச்சம்தான் அம்மியும் பறக்கும் ஆடிக்காற்று. ஆவணிக்கு மேல் அந்த வேகம் தணிய ஆரம்பிக்கும். வேகமாகக் காற்றடித்தால் அடுப்புப் புகை சாய்ந்து கலைந்துவிடும். காற்று தணிந்தால்தான் நேராக எழும்பும். மேகத்துக்கும் கிட்டத்தட்ட அதே கதைதான்.

## உலையில் துள்ளும் அரிசி

அடுப்பில் உலை கொதிக்கும்போது பானைக்குள் எட்டிப் பாருங்கள். அரிசி நடுவில் மேலே வருகிறது, ஓரமாகக் கீழே போகிறது, மறுபடி மேலே வருகிறது. அடியில் சூடான தண்ணீர் எடை குறைந்து மேலே எழும்ப, மேலே இருக்கும் தண்ணீர் அந்த இடத்துக்கு இறங்குகிறது. சூட்டினால் ஒரு பொருள் இப்படி மேலும் கீழுமாகச் சுழல்வதற்குப் பெயர்தான் வெப்பச்சலனம். சலனம் என்றால் அசைவு. சொல்லில் அழுத்தம் விழ வேண்டிய இடம் வெப்பம் இல்லை, சலனம்.

தரைக்கு மேலே இருக்கும் காற்றுக்கும் இதுதான் நடக்கிறது. ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: சூரியன் காற்றை நேராகச் சூடாக்குவது மிகக் குறைவு. தரையைச் சூடாக்குகிறது, தரை காற்றைச் சூடாக்குகிறது. தரை அடுப்பு, காற்று உலை. தார் ரோடும் கான்கிரீட் மாடியும் கட்டாந்தரையும் சீக்கிரம் சூடாகும். ஏரியும் வயலும் மெதுவாக. அதனால் எல்லா இடத்திலும் காற்று ஒரே மாதிரி எழும்பாது. சில இடங்களில் குமிழ் குமிழாகக் கிளம்பும்.

## வெயில் மட்டும் இருந்தால் ஏன் மழை வருவதில்லை

இங்கேதான் பெரும்பாலானவர்கள் வழி தவறுகிறார்கள். சூடு ஏறினால் மேகம் வரும் என்றால் வேலூரில் மே மாதம் முழுக்க மழை கொட்ட வேண்டும்.

மேட்டுப்பாளையத்தில் வேர்க்க வேர்க்க பஸ் ஏறி ஊட்டியில் இறங்கினால் ஸ்வெட்டர் தேடுகிறோம். மேலே போகப் போகக் குளிரும். சராசரியாக ஒரு கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். இது சும்மா இருக்கிற காற்றின் கணக்கு.

ஆனால் தரையிலிருந்து கிளம்பி மேலே ஏறுகிற காற்றுக் குமிழுக்கு வேறு கணக்கு. உயரத்தில் அழுத்தம் குறைவு, அதனால் குமிழ் விரியும். விரிகிற காற்று குளிரும். சைக்கிள் ட்யூப்பின் வால்வைத் திறந்தால் புஸ்ஸென்று வரும் காற்று ஜில்லென்று இருக்கிறதே, அது மாதிரி. இப்படி ஏறும் வெறும் காற்று ஒரு கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 10 டிகிரி குளிர்ந்துவிடும். சுற்றியிருக்கும் காற்றோ 6.5 டிகிரிதான் குளிர்ந்திருக்கிறது. கொஞ்சம் உயரம் போனதுமே நம் குமிழ் அக்கம்பக்கத்தை விடக் குளிர்ந்து, கனத்து, நின்றுவிடும். எவ்வளவு சூட்டோடு கிளம்பினாலும் வெறும் காற்று இந்தப் போட்டியில் சீக்கிரம் தோற்றுவிடும்.

ஈரம் உள்ளே வந்தால் ஆட்டமே மாறுகிறது.

இட்லிப் பானையைத் திறக்கும்போது ஆவி கையில் பட்டிருக்கிறதா? கொதிக்கிற தண்ணீர் தெறித்ததை விட அது கடுமையாகச் சுடும். தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தைத் தனக்குள் எடுத்து வைத்துக்கொள்கிறது. அந்த ஆவி உங்கள் தோலில் பட்டு மறுபடி தண்ணீராகும்போது, எடுத்து வைத்த வெப்பம் முழுவதையும் அங்கேயே விட்டுவிடுகிறது. ஆவிக்குள் ஒளிந்திருக்கும் இந்த வெப்பத்துக்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர்.

மேலே ஏறும் குமிழில் நீராவி நிறைய இருந்தால், ஓர் உயரத்தில் அது நுண்ணிய துளிகளாகிறது. அதைத்தான் நாம் மேகம் என்கிறோம். துளியாகும்போது உள்ளுறை வெப்பம் வெளியே வந்து குமிழைச் சூடேற்றுகிறது. அதற்குப் பிறகு குமிழ் கிலோமீட்டருக்கு 10 டிகிரி குளிர்வதில்லை, 4 அல்லது 5 டிகிரிதான். இப்போது அது சுற்றியிருக்கும் காற்றை விட எப்போதும் சற்றுச் சூடாகவே இருக்கிறது. நிற்கக் காரணம் இல்லை. ஏறிக்கொண்டே போகும். 5 கிலோமீட்டருக்கு மேல் உறைநிலையைத் தாண்டி, 15 கிலோமீட்டர் வரைகூட. இப்படி வானளாவ எழும்பி இடியும் மின்னலும் தரும் மேகத்தைக் கார்திரள் மேகம் என்கிறார்கள்.

இந்த வெப்பம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 600 சதுர அடி மொட்டை மாடி, 5 செ.மீ. மழை. அந்த மாடியில் மட்டும் விழுவது ஏறக்குறைய 2,800 லிட்டர் தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீருக்கான நீராவி மறுபடி தண்ணீராக மாறும்போது வெளிவரும் வெப்பம், மின்சாரக் கணக்கில் சுமார் 0.7 யூனிட். ஆக ஒரு மாடிக்கு மட்டும் 1,900 யூனிட்டுக்கு மேல்! இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் செலவாகும் வீட்டுக்கு ஒன்பது மாதத்துக்கு மேல் வரும். அதுவும் ஒரு மாலைப் பொழுதுக்குள். புரட்டாசி இடி வீட்டு ஜன்னலை அதிரவைக்கும்போது இந்த எண் எனக்கு நினைவுக்கு வரும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: தரைச்சூடு காற்றைக் கிளப்பிவிடுகிறது. அந்தக் காற்றில் ஈரம் இருந்தால் மட்டுமே அது தொடர்ந்து ஏறி மழைமேகமாகிறது. வெயில் தீக்குச்சி, ஈரம்தான் விறகு.

## மே மாதத்தில் ஏன் சென்னைக்குக் கிடைப்பதில்லை

கொங்குப் பகுதி, சேலம், தருமபுரி போன்ற உள்மாவட்டங்களில் சித்திரை, வைகாசியில் ஆலங்கட்டியோடு கோடை மழை பெய்வதுண்டு. அதுவும் வெப்பச்சலன மழைதான். ஆனால் 40 டிகிரி கொளுத்தும் சென்னையில் அந்த மாதங்களில் வானம் பெரும்பாலும் வெறிச்சென்றே இருக்கும்.

காரணம், அப்போது உலைக்கு மூடி போட்டிருக்கிறது. மே மாதத்தில் தரைக்கு மேலே ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், காய்ந்த நிலப்பரப்பிலிருந்து வரும் சூடான வறண்ட காற்று ஒரு படலமாக நிற்கும். கீழிருந்து ஏறும் குமிழ் அதைச் சந்திக்கும்போது, அந்தப் படலமே அதைவிடச் சூடாக இருக்கும். அத்துடன் சரி, மேலே போக முடியாது. ஆவணி, புரட்டாசியில் பருவக்காற்று கொண்டுவந்த ஈரம் பல கிலோமீட்டர் உயரம் வரை பரவியிருக்கும்; மூடியும் இருக்காது. மே மாதத்தை விட வெயில் குறைவுதான். ஆனாலும் சென்னையின் செப்டம்பர் மாதச் சராசரி மழை 10 செ.மீ.க்கு மேல்.

அந்த ஈரத்தைத்தான் நாம் புழுக்கம் என்று உணர்கிறோம். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை உலராது. "புழுங்குது, மழை வரும்" என்று பாட்டிகள் சொன்னது விறகு தயாராக இருக்கிறது என்பதைத்தான்.

## மாடியிலிருந்து ஒரு நாள்

வாய்ப்புக் கிடைத்தால் செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வானத்தைப் பாருங்கள். நான் பார்த்த அப்படியொரு நாளைச் சொல்கிறேன்.

காலை ஏழு மணிக்கு வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. பதினொரு மணிக்கு மேல் அங்கங்கே பஞ்சுப் பொதிகள். அடி தட்டை, தலை உருண்டை. அடி தட்டையாக இருப்பது தற்செயல் இல்லை. நீராவி துளியாக மாறும் உயரம் அது. எல்லா மேகத்துக்கும் ஏறக்குறைய ஒரே மட்டம். இரண்டு மணி வரை மேலைக்காற்றுதான். கொடியில் போட்ட வேட்டி கிழக்குப் பக்கம் பறந்துகொண்டிருந்தது. இரண்டரைக்கு வேட்டி அப்படியே தொங்கியது. கொஞ்ச நேரத்தில் மேற்குப் பக்கமாகத் திரும்பியது. கடற்காற்று வந்துவிட்டது.

கடற்காற்று என்பதும் வெப்பச்சலனத்தின் பிள்ளைதான். பகலில் நிலம் கடலை விடச் சீக்கிரம் சூடாகும். நிலத்தின் மேல் காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே வருகிறது. ஆடியில் மேலைக்காற்று பலமாக இருப்பதால் கடற்காற்றை நெடுநேரம் உள்ளே விடாது. புரட்டாசியில் பிடி தளர்ந்திருக்கும். கிழக்கிலிருந்து வரும் கடற்காற்றும் மேற்கிலிருந்து வரும் மேலைக்காற்றும் ஒரு கோட்டில் முட்டிக்கொள்கின்றன. முட்டிய காற்று எங்கே போகும்? கீழே தரை, மேலேதான் போக முடியும். தரைச்சூடு கிளப்பிவிட்டதற்கு மேல் இது இன்னொரு உந்து.

நான்கு மணிக்கு மேற்கே, ஸ்ரீபெரும்புதூர் பக்கம், பஞ்சுப் பொதி ஒன்று காலிஃபிளவர் மாதிரி புடைத்துப் புடைத்து வளர்ந்தது. கண்ணெதிரே வளர்வது தெரிந்தது. ஐந்து மணிக்கு அதன் உச்சி கொல்லன் பட்டறைக் கல் போலத் தட்டையாகப் பரந்துவிட்டது. வளிமண்டலத்தில் அதற்கு மேல் ஏற வழியில்லாத ஒரு மட்டத்தைத் தொட்டு, பக்கவாட்டில் விரிகிறது என்று அர்த்தம். அதைப் பார்த்ததும் துணியை எடுத்துவிட்டேன்.

ஆறு பத்துக்குத் திடீரென்று புழுக்கம் போய், மேற்கிலிருந்து குளிர்ந்த காற்று புழுதியோடு அடித்தது. மண்வாசனை வந்தது. நாலைந்து நிமிடத்தில் புளியங்கொட்டை அளவு துளிகள். ஏழு மணிக்குக் கொட்டி முடித்து, எட்டு மணிக்குத் தூறல், ஒன்பது மணிக்கு நட்சத்திரம்.

அந்தக் குளிர்காற்று எங்கிருந்து வந்தது? மேகத்துக்குள் பெருத்த துளிகள் விழும்போது தம்மோடு காற்றையும் கீழே இழுத்து வருகின்றன. வழியில் சில துளிகள் ஆவியாகி அந்தக் காற்றைக் குளிரவைக்கின்றன. குளிர்ந்த காற்று தரையில் மோதி நாலாபக்கமும் பரவுகிறது. மழைக்கு முன்னால் வந்து நம் முகத்தில் அடிப்பது அதுதான். இதிலேயே மேகத்தின் முடிவும் இருக்கிறது: தரையெங்கும் குளிர்காற்று பரவியதும் மேலே ஏறச் சூடான காற்று கிடைப்பதில்லை. அடுப்பில் தண்ணீர் ஊற்றிய மாதிரி. தனி ஒரு மேகத்தின் ஆயுள் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்தான்.

ஆனால் அந்தக் குளிர்காற்று பரவும்போது, முன்னால் இருக்கும் சூடான ஈரக்காற்றை முட்டி மேலே தூக்குகிறது. பக்கத்து ஊரில் புது மேகம் பிறக்கிறது. வேலூர், ராணிப்பேட்டை பக்கமோ ஆந்திர எல்லையில் நகரி மலைப் பக்கமோ மாலையில் தொடங்கிய இடிமழை, இரவு சென்னைக்கு வந்து சேர்வது இப்படித்தான். ஒரே மேகம் நூறு கிலோமீட்டர் நடந்து வருவதில்லை. ஒன்று அடுத்ததைப் பிறப்பித்துவிட்டு அணைகிறது. மேலே வீசும் மேலைக்காற்று மொத்த வரிசையையும் கிழக்கே தள்ளிவிடுகிறது. சென்னைத் துறைமுகத்தில் இருக்கும் டாப்ளர் ரேடாரின் படங்களை வானிலை ஆய்வு மையத்தின் இணையதளத்தில் பார்த்தால், சிவப்பு, மஞ்சள் திட்டுகளாக இந்த ஓட்டம் அப்படியே தெரியும்.

மின்னல் பற்றி இங்கே விரிக்கப் போவதில்லை. உயரத்தில் பனித்துகள்களும் பனிக்கட்டிகளும் உரசுவதால் மேகத்தில் மின்னேற்றம் சேர்கிறது, அவ்வளவு போதும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று விநாடி என்றால் மின்னல் விழுந்த இடம் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. இடிச்சத்தம் காதில் கேட்டாலே மின்னல் எட்டும் தூரத்தில்தான் நாம் நிற்கிறோம். மரத்தடி, வெட்டவெளி, மொட்டை மாடி மூன்றையும் விட்டு வீட்டுக்குள் போய்விட வேண்டும்.

சுருக்கமாக: காலைச் சூடு, மதியக் கடற்காற்று, மாலை மேகம், இரவு மழை. இந்த வரிசையில் ஒவ்வொன்றும் அடுத்ததற்கு வழிவிடுகிறது.

## தங்கை வீட்டில் ஏன் பெய்யவில்லை

இப்போது இதற்குப் பதில் சுலபம். இந்த மேகம் உயரத்தில் 15 கிலோமீட்டர் இருந்தாலும் அகலம் சில கிலோமீட்டர்தான். அம்பத்தூருக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே அதைவிடத் தூரம். மேகம் கடலை நெருங்குவதற்குள் அணைந்துவிட்டால் கடற்கரைக்காரர்களுக்குக் குளிர்காற்று மட்டும் மிஞ்சும்.

இங்கேதான் "ஓரிரு இடங்களில்" என்ற சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வானிலை அறிக்கையில் அது மேலோட்டமான பேச்சு இல்லை, அளவு சொல்லும் சொல். ஒரு பகுதியில் இருக்கும் மழைமானி நிலையங்களில் நான்கில் ஒரு பங்கு வரை மழை பதிவாகும் என்றால் ஓரிரு இடங்கள். 26 முதல் 50 சதவீதம் என்றால் சில இடங்கள். 51 முதல் 75 என்றால் அநேக இடங்கள். அதற்கும் மேல் பெரும்பாலான இடங்கள். மழையின் பரப்பைச் சொல்லும் சொற்கள் இவை, பலத்தைச் சொல்வதில்லை. பலத்துக்குத் தனிச் சொற்கள்: 24 மணி நேரத்தில் 6.5 செ.மீ. அளவுக்கு எட்டினால் கனமழை, சுமார் 11.5-ஐத் தாண்டினால் மிக கனமழை, 20.5-க்கு எட்டினால் அதி கனமழை. "ஓரிரு இடங்களில் கனமழை" என்று சொல்லி உங்கள் தெருவில் ஆறாக ஓடினால் அறிக்கை பலித்தது என்றே பொருள்; அந்த ஓரிரு இடத்தில் உங்கள் தெரு ஒன்று. எந்த உலையில் எந்தக் குமிழ் முதலில் கிளம்பும் என்று முந்தின நாளே யாராலும் சொல்ல முடியாது. உலை கொதிக்கும் என்று சொல்லலாம். அதைத்தான் அவர்கள் சொல்கிறார்கள்.

அறிக்கையில் அடிக்கடி வரும் இன்னொரு தொடர்: "மேற்கு திசைக் காற்றின் வேக மாறுபாடு காரணமாக". சுங்கச்சாவடியை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வண்டிகள் வேகமாக வருகின்றன, முன்னால் போகிறவை வேகம் குறைக்கின்றன, நடுவில் நெரிசல். காற்றும் அப்படி நெரிந்தால் மேலே எழும்பும். வெப்பச்சலனத்துக்குக் கிடைக்கும் கூடுதல் கைகொடுப்பு அது.

டீக்கடையின் "புயல் சின்னம்" பேச்சுக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. ஆகஸ்ட், செப்டம்பரில் ஒடிசா, வங்காளம் பக்கம் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதிகள் பொதுவாக நம் மேலைக்காற்றைப் பலப்படுத்தும்; நமக்கு மழையைக் குறைக்கவே வாய்ப்பு அதிகம். வட இந்தியாவில் பருவமழை சில நாள் ஓய்ந்து, மேகக்கூட்டம் இமயமலை அடிவாரத்துக்கு நகரும்போதுதான் தமிழ்நாட்டில் மாலை இடிமழை கூடும்.

## அப்படியானால் வடகிழக்குப் பருவமழை எது?

அதற்கும் ஒரு பழமொழி உண்டு: ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை. அடைமழை என்றால் விடாமல் அடைத்துக்கொண்டு பெய்வது. புரட்டாசி மழையின் குணம் அதில் இல்லை. அது வந்து, கொட்டி, போய்விடுகிறது.

சூரியன் தெற்கே போனதும் ஆசியாவின் பெருநிலம் குளிர ஆரம்பிக்கிறது. காற்று திசை மாறி வடகிழக்கிலிருந்து வீசும். வங்கக் கடலைத் தாண்டி வருவதால் ஈரத்தை அள்ளிக்கொண்டு நேராக நம் கரையில் மோதும். இந்த மழைக்கு நம் ஊர்த் தரைச்சூடு அவ்வளவு தேவையில்லை. ஈரமும் உந்தும் கடலிலிருந்தே வருகின்றன. அதனால்தான் கரையோரத்தில் இது ராத்திரியிலும் விடியற்காலையிலும்கூடப் பெய்கிறது, வெயிலே காணாத நாட்களிலும் பெய்கிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்டப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தில்தான். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பெய்தது இந்தப் பருவத்தில்தான்.

தொடங்கிவிட்டது என்று அறிவிக்க வானிலைத் துறைக்கு நிபந்தனைகள் உண்டு. தென்மேற்குப் பருவமழை ஆந்திரக் கரை வரை விலகியிருக்க வேண்டும். தமிழகக் கரையில் கிழக்கிலிருந்து வரும் கீழைக்காற்று நிலைத்து வீச வேண்டும், அதுவும் தரையோடு நிற்காமல் ஒன்றரை கிலோமீட்டர் உயரம் வரை. கரையோரத்தில் பரவலாக மழை பெய்ய வேண்டும். இவை எல்லாம் கூடி வருவது சராசரியாக அக்டோபர் 20-ஐ ஒட்டி. செப்டம்பர் மழை எவ்வளவு கொட்டினாலும் அது இந்தக் கணக்கில் சேராது.

இலங்கையில் மார்ச், ஏப்ரல் மாதங்களையும் அக்டோபர், நவம்பர் மாதங்களையும் இடைப்பருவம் என்று தனியாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள். பிற்பகல் இடிமழைக் காலம் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். நாமும் இப்படி ஒரு பெயர் வைத்துக்கொண்டிருந்தால் பாதிக் குழப்பம் இருந்திருக்காது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பெயர் குழம்பினால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். செங்கம் பக்கம் என் மாமா மானாவாரியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறார். ஆடியில் விதைத்தது ஆவணி மாலை மழையில்தான் பிடிக்கிறது. ஆனால் புரட்டாசி முடிவில் பிடுங்கிப் போட்ட நேரத்தில் நாலு நாள் தொடர்ந்து மாலை மழை வந்தால் காய் கொடியிலேயே முளைத்துவிடும். டெல்டாவில் குறுவை அறுவடையும் இதே நேரம். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி; காலையில் ரோட்டில் காயப்போட்ட நெல்லை மாலை ஐந்து மணிக்குள் தார்ப்பாய் போட்டு மூடாவிட்டால் ஒரு நாள் வெயில் வீண். பருவமழை ஆரம்பித்துவிட்டது என்று நம்பினால் இனி வெயிலே கிடையாது என்று பயந்து கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். மாலை மழை என்று தெரிந்தால், நாளைக் காலை பத்து மணி வெயிலை நம்பித் தார்ப்பாயை விரிக்கலாம்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். மாடியில் நின்று மேகம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். புரட்டாசியில் மேற்கிலிருந்து, மாலையில் வரும். அக்டோபர் நடுவில் சில நாள் காற்றே இருக்காது. குப்பை எரித்த புகைகூட நேராக எழும்பும். அப்புறம் ஒரு விடியற்காலை, பால் வாங்க இறங்கும்போது, கடல் பக்கமிருந்து தாழ்வான சாம்பல் மேகங்கள் வரிசையாக வேகமாக ஓடி வரும். இரண்டு நிமிடம் சடசடவென்று பெய்யும், விட்டுவிடும், மறுபடி பெய்யும். கொடியில் கிடக்கும் வேட்டி அன்று காலையிலேயே மேற்குப் பக்கமாகப் பறந்துகொண்டிருக்கும்.